கிராஃபைட் பென்சிலில் ஒரு முகம்: பொருள்களைப் புரிந்துகொண்டு வரைய முழுமையான வழிகாட்டி

பென்சிலில் முகம் வரையச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் கண் எங்கே, மூக்கு எங்கே என்ற அளவுகளில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அளவு தேவைதான். ஆனால் அளவில் துளிகூடப் பிசகாத ஒரு படம் சாம்பல் பூசியதுபோல் உயிரில்லாமல் இருக்கும். அளவில் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் இன்னொரு படம் நம்மைப் பார்க்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பல நேரம் பொருள்களில் இருக்கிறது. எந்தத் தாள், எந்தப் பென்சில் முதலில், எந்தப் பென்சில் அடுத்து, எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் கண்ணும் மூக்கும் அளவுக்கே முக்கியம். கிராஃபைட்டால் முடிந்ததும் உண்டு, முடியாததும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு வரைய வேண்டும்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, தாள் வாங்குவதிலிருந்து சட்டம் போடுவது வரை போகலாம். வரையப்போவது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் முகம். கருத்த தோல், நரைத்த தலை, பல ஆண்டுகள் தண்டட்டி போட்டுக் கழற்றியதால் தொங்கும் காது, ஒரு மூக்குத்தி. மதுரை, தேனிப் பக்கம் போனால் இப்படியான முகத்தை இன்றும் பார்க்கலாம். இந்த முகத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை வெளிர் தோலை வைத்துச் சொல்லப்பட்டவை. அந்த முறையை நம் ஊர் முகத்தின் மேல் அப்படியே போட்டால், முகம் வெளுத்துப்போகும். இல்லாவிட்டால் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும். கருத்த தோலைக் கருத்த தோலாகவே, அழகாக, மதிப்போடு வரைய முடியும். அதற்குத் தனியாகச் சில விஷயங்கள் தெரிய வேண்டும்.

கிராஃபைட்டின் குணம்

கிராஃபைட் என்பது கரிமம். அதன் அணுக்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும். ஒரு தகட்டுக்குள் பிணைப்பு வலுவானது. ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே மிகப் பலவீனமானது. தாளில் இழுத்ததும் தகடுகள் வழுக்கிப் பிரிந்து தாளின் நார்களில் ஒட்டிக்கொள்கின்றன. மிக லேசான அழுத்தத்தில்கூடக் கொஞ்சம் ஒட்டும் என்பதால்தான் வேறெந்தப் பொருளும் தராத நுணுக்கமான சாம்பல் படிகளைப் பென்சில் தருகிறது.

அதே தகடுகள்தான் தொல்லையும் தருகின்றன. அழுத்தித் தேய்த்தால் அவை தாளில் படுத்துவிடும். படுத்த தகடுகள் வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்பி அனுப்பும். கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெள்ளி பூசியதுபோல் மின்னும். சார்கோல் எனும் வரைகரி வெளிச்சத்தை விழுங்கும், ஆகவே அதில் உண்மையான கறுப்பு கிடைக்கும். கிராஃபைட்டில் கிடைப்பது ஆழ்ந்த சாம்பல்தான். இதை ஏற்றுக்கொண்டு, இருக்கும் சாம்பல்களைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் இந்தக் கலையில் முக்கால்வாசி வேலை.

பென்சிலில் எச் கடினத்தையும் பி கறுப்பையும் குறிக்கும், எண் கூடினால் அந்தக் குணமும் கூடும், எச்.பி. இரண்டுக்கும் நடுவில். இந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிராஃபைட் கட்டி கட்டியாகக் கிடைத்தது. அறுத்து எடுத்தால் அப்படியே எழுதலாம், அவ்வளவு சுத்தம். ஆட்டு மந்தைக்கு அடையாளம் போட்டார்கள். பிறகு பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கு உட்பூச்சாகவும் அது பயன்பட்டது. திருட்டு அதிகமாகி, 1752இல் அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கிச் சட்டமே வந்தது. 1793இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டதும் பிரான்சுக்கு இந்தச் சரக்கு வருவது நின்றுபோனது. நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் கையில் கிடைத்த மட்டமான கிராஃபைட்டைத் தூளாக்கி, களிமண்ணோடு பிசைந்து, குச்சிகளாக்கிச் சூளையில் சுட்டார். 1795இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் மென்மையாகும், கோடு கறுக்கும். இன்று கடையில் வாங்கும் 2எச்சும் 6பியும் அதே கலவைதான். ஆகவே 2எச்சைக் கையில் எடுக்கும்போது சுட்ட களிமண் அதிகமுள்ள ஒரு கூரான குச்சியைத்தான் எடுக்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அது தாளைக் கறுப்பாக்குவதைவிட வேகமாகத் தாளில் பள்ளம் போடும்.

நம் பக்கத்திலும் இந்தக் கனிமம் உண்டு. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைக்குள் நரம்புபோல ஓடும் மிகச் சுத்தமான கிராஃபைட் கிடைக்கிறது; 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அது உலகெங்கும் போனது. சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் செதில் வகைக் கிராஃபைட்டை வெட்டி எடுக்கிறது. இந்தியப் பென்சில்களின் மரம் பெரும்பாலும் காஷ்மீரின் புல்வாமா பக்கத்துப் பாப்லர் மரம்.

என்னென்ன வாங்க வேண்டும்

எச்.பி., 2பி, 4பி, 6பி, கூடவே ஒரே ஒரு 2எச். இவ்வளவு போதும். இருபது பென்சில் கொண்ட டப்பா வாங்கினால் பாதி சீவாமலே கிடக்கும். நடராஜ், அப்சரா வரைபென்சில்களில் தாராளமாகத் தொடங்கலாம். ஸ்டெட்லர் மார்ஸ் லூமோகிராஃப், ஃபேபர் காஸ்டெல் 9000 ஆகியவை விலை கூடியவை. அவற்றில் துகள் சீராக இருக்கும், நடுவில் மணல்போல் கீறாது. எதை வாங்கினாலும் ஒரே நிறுவனத்தின் வரிசையை வாங்குங்கள். இந்த எண்களுக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே அளவுகோல் கிடையாது. ஒருவருடைய 4பி இன்னொருவருடைய 2பி அளவுக்குத்தான் கறுக்கும்.

ஷார்ப்னரை விட்டுவிட்டுக் கட்டரால் சீவப் பழகுங்கள். மரத்தை நீளமாகச் சரித்துச் சீவி, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் குச்சி வெளியே தெரிய வேண்டும். பிறகு உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் ஊசிமுனை வரும். முனையால் கண்ணிமை வரையலாம். படுக்கப் போட்டு அதே பென்சிலால் கன்னம் முழுவதும் டோன், அதாவது சாம்பல் பூச்சு, போடலாம். உப்புத்தாளில் விழும் தூளைக் கொட்டிவிடாமல் ஒரு சின்ன டப்பாவில் சேர்த்துவையுங்கள், பின்னணிக்கு உதவும்.

அழிக்க இரண்டு வகை வேண்டும். பிசைந்து உருமாற்றக்கூடிய நீடபிள் ரப்பர் ஒன்று, கூரான விளிம்புள்ள சாதாரண வெள்ளை ரப்பர் ஒன்று. நீடபிள் ரப்பரைத் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும். அது டோனை வெளிறச் செய்யும். வெள்ளை ரப்பர் டோனை நீக்கும். இரப்பர்ப் பாலிலிருந்து வந்த பொருள் பென்சில் கோட்டை அழிக்கும் என்று ஆங்கில விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி எழுதியது 1770இல். அதற்கு முன்னால் ஓவியர்கள் ரொட்டியின் உள்பகுதியைப் பிசைந்து ஒற்றி எடுத்தார்கள். வேலை செய்த விதம் இன்றைய நீடபிள் ரப்பருடையதேதான்.

டோனைத் தேய்த்துப் பரப்ப, காகிதத்தைச் சுருட்டிச் செய்த ஸ்டம்ப் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். விரலால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை தாளில் இறங்கிவிட்டால், அந்த இடத்தில் பின்னால் போடும் கிராஃபைட் திட்டாகப் பிடிக்கும். எவ்வளவு அழித்தாலும் அது போகாது. நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்வையும் இதே வேலையைச் செய்யும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு சுத்தமான தாளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாள்

பென்சிலுக்குச் செலவழிப்பதைவிடத் தாளுக்குச் செலவழிக்கச் சொல்வேன். படத்தின் மிகப் பிரகாசமான வெளிச்சம் பென்சிலிலிருந்து வருவதில்லை, தாளிலிருந்துதான் வருகிறது. பாட்டியின் நெற்றியில் மின்னும் ஒளியும் மூக்குத்தியின் ஒளியும் நீங்கள் தொடாமல் விட்ட தாள்தான்.

தாளில் பார்க்க வேண்டியவை சொரசொரப்பு, கனம், அமிலம். சொரசொரப்பு மேடும் பள்ளமும் சேர்ந்தது. பென்சில் முதலில் மேட்டில் பிடிக்கும். பள்ளம் வெள்ளையாகவே இருக்கும். அதனால்தான் சொரசொரப்பான தாளில் தோல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. முழுக்க வழவழப்பான தாளிலோ இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் பிடிக்காது, வழுக்கும். கருத்த தோலுக்குப் பல அடுக்கு வேண்டும். ஆகவே நடுத்தரமான ஒன்று: சூடாக அழுத்திச் சமமாக்கிய ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாள், அல்லது சற்றே பிடிப்புள்ள பிரிஸ்டல் எனும் கெட்டித் தாள். கனம் 200 ஜி.எஸ்.எம்.க்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறையாமல் இருக்கட்டும். 75 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள் பயிற்சிக்கு மட்டும். அமிலம் நீக்கிய தாளா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். கிராஃபைட் வெயிலில் மங்காது. மரக்கூழ்த் தாள்தான் சில ஆண்டுகளில் பழுத்து உடையும்.

சமதளத் தாளுக்கும் பென்சில் முகங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியத் தாள்களில் கம்பி அச்சின் வரிகள் தெரியும். இங்கிலாந்தில் தாள் செய்துவந்த ஜேம்ஸ் வாட்மன் நெருக்கமாக நெய்த கம்பிவலையில் தாள் செய்தபிறகு வரியில்லாத பரப்பு கிடைத்தது. அந்த மாதிரித் தாளில்தான் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் ரோமில் இருந்த ஆண்டுகளில், பிழைப்புக்காக, அங்கே வந்த பயணிகளைப் பென்சிலில் வரைந்தார். 1819இல் அவர் வரைந்த வயலின் கலைஞர் பகனினியின் முகம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகத்தில் மட்டும் மென்மையான டோன். சட்டையும் கையும் வெறும் கோடு. கூர்மையாகச் சீவிய பென்சிலால் என்ன முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பெர்லினில் இருந்த ஓவியர் அடால்ஃப் மென்ஸெல் நேர்மாறானவர். தடித்த தச்சுப் பென்சிலால் வரைந்து, ஸ்டம்பால் தேய்த்து, முதியவர்களின் முகத்தை மண்ணிலிருந்து எழுந்து வந்ததுபோல் வரைந்தார். ஒரே கிராஃபைட்டில் இரண்டு உலகம். பாட்டி படத்துக்கு இருவரிடமிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்: தோலுக்கு மென்ஸெல், சேலைக்கு ஆங்க்ர்.

வெளிச்சமும் மாதிரியும்

நேரில் உட்காரவைத்து வரைய முடிந்தால் அதுவே சிறந்தது. ஒரு சன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரும்படி உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்குள் எரியும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஐரோப்பியப் புத்தகங்களில் வடக்கு பார்த்த சன்னல் சொல்லப்பட்டிருக்கும், அங்கே அதில் நேர்வெயில் அடிக்காது. தமிழ்நாட்டில் மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டும். சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் வெளிச்சம் மென்மையாகப் பரவும். வயதானவர்களை வெகுநேரம் ஒரே நிலையில் உட்காரவைக்காதீர்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரைந்தால் முகமும் இளகும்.

போட்டோ எடுத்து வரைவதானால் செல்போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். அழகாக்கும் ஃபில்டர் எதுவும் ஓடுகிறதா என்று செட்டிங்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல போன்கள் கேட்காமலே தோலை வழித்துவிடுகின்றன.

இன்னொரு விதமான வேலையும் வரும். இறந்துபோன ஒருவரை வரைந்து தரச் சொல்வார்கள். கையில் ரேஷன் கார்டுப் படம் ஒன்றுதான் இருக்கும். அதைப் பெரிதாக்கினால் கண் ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில், கோயில் பயணப் படத்தில் எங்காவது அவர் நின்றிருப்பார். முடிந்தவரை எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மகளோ பேரனோ சாடையில் அவரைப்போல் இருந்தால் காது, மூக்கின் அமைப்புக்கு அவர்களையும் பார்க்கலாம். அதற்கும் மேல் தெரியாத இடத்தைக் கற்பனையில் கூர்மையாக்காமல் நிழலில் மென்மையாக விட்டுவிடுவதே நேர்மை. தெளிவாக வரையப்பட்ட தவறான கண்ணை வீட்டார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மென்மையாக விட்ட கண்ணை அவர்களே தங்கள் நினைவால் நிரப்பிக்கொள்வார்கள்.

முதல் கட்டம்: இடமும் வடிவமும்

ஏ3 தாளில் தலை பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். பலகையைச் சாய்த்து வையுங்கள். மேசையில் படுக்கவைத்து வரைந்தால் நெற்றி நீண்டுபோகும்.

எச்.பி.யைப் பின்பக்கமாகப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்து, தலையின் மொத்த வடிவத்தை நேர்க்கோடுகளால் மடக்குங்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில் கண். இரண்டு கண்ணுக்கும் இடையே ஒரு கண் அளவு. இது பொதுக் கணக்கு. வயதான முகத்தில் இந்தக் கணக்கு நகரும். பல் விழுந்திருந்தால் மூக்குக்கும் மோவாய்க்கும் இடைவெளி குறைந்து உதடு உள்ளே மடங்கும். மூக்கு நுனி சற்றுக் கீழே இறங்கும். காது நீளும், தண்டட்டி போட்ட காதின் மடல் தாடைக்கும் கீழே தொங்கலாம். அந்தத் துளையின் வடிவத்தைத் தனி உருவமாகப் பார்த்து வரையுங்கள். காதை வரைவதைவிட, துளை வழியாகத் தெரியும் கழுத்தின் துண்டை வரைந்தால் காது தானாகச் சரியாக வரும்.

கட்டம் போட்டு வரையலாமா என்று கேட்பார்கள். தொடக்கத்தில் போடலாம், தவறில்லை. ஆனால் கட்டத்தை எச்.பி.யால் தொட்டும் தொடாமலும் போடுங்கள். கடினமான பென்சிலால் அழுத்திப் போட்டால் தாளில் பள்ளம் விழும். கோட்டை அழித்தாலும் பள்ளம் இருக்கும். மேலே டோன் போட்டதும் அந்தக் கோடுகள் முகத்தின் குறுக்கே வெள்ளையாக எழுந்து நிற்கும்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலால், டோன் போடுவதற்கு முன்பே, நெற்றியோரம் பறக்கும் நரைமுடிகளைத் தாளில் அழுத்தி வரைந்துவிடுங்கள். பிறகு பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்க்கும்போது பள்ளத்தில் கிராஃபைட் இறங்காது. ஒவ்வொரு நரைமுடியும் வெள்ளையாக, மெல்லியதாக வெளிப்படும். ரப்பரால் இந்தக் கூர்மையைக் கொண்டுவரவே முடியாது. திருத்தவும் முடியாது என்பதால், நன்றாகப் பார்த்து, குறைவாகப் போடுங்கள்.

இரண்டாம் கட்டம்: டோன் கணக்கு

தனித்தாளில் ஏழு கட்டம் போடுங்கள். ஒன்று வெறும் தாள். ஏழு, 6பியால் நீங்கள் தரக்கூடிய அதிகபட்சக் கறுப்பு. நடுவில் உள்ளவற்றைச் சமமான படிகளாக நிரப்புங்கள். இந்தத் துண்டை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒவ்வொரு இடமும் எத்தனையாவது படி என்று சொல்லிப் பழக வேண்டும்.

வெளிர் தோலில் வெளிச்சப் பக்கம் இரண்டாவது படியில் இருக்கும். நிழல் நான்கு, ஐந்தில். கண்மணி, கூந்தலுக்கு ஆறும் ஏழும் மிச்சம் இருக்கும். பாட்டியின் தோலில் வெளிச்சப் பக்கமே நான்காவது படி. நிழல் ஆறு. மேலே ஏழு ஒன்றுதான் பாக்கி. பலர் இங்கே பயந்துவிடுகிறார்கள். நிழலுக்கு இடம் வேண்டுமே என்று தோலை இரண்டாவது படிக்கு வெளிறவைத்துவிடுகிறார்கள். ஆள் மாறிப்போகிறார்.

இதற்கு விடை தோலிலேயே இருக்கிறது. வெளிர் தோலின் மேடு பள்ளத்தை நிழல் காட்டுகிறது. கருத்த தோலின் மேடு பள்ளத்தைப் பெரும்பாலும் மினுமினுப்பு காட்டுகிறது. நெற்றியின் மேடு, கன்ன எலும்பு, மூக்கின் முதுகு, கீழுதடு, மோவாய் ஆகிய இடங்களில் வெளிச்சம் தெறிக்கும். தோல் கருத்திருப்பதால் அந்தத் தெறிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் விளிம்புகளைக் கவனியுங்கள். எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் இடத்தில் விளிம்பு கூர்மை. சதை இருக்கும் இடத்தில் மென்மை. இந்தத் தெறிப்புகளின் வடிவத்தை முதலிலேயே மெல்லிய கோட்டால் குறித்து, தாளை வெள்ளையாக விட்டுவையுங்கள். கண்ணின் வெண்படலமும் பல்லும் வெள்ளை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வயதானவர்களின் கண் வெண்மை இரண்டரை, மூன்றாவது படியில்தான் இருக்கும். அதை வெறும் தாளாக விட்டால் விழித்துப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

இந்த இடத்தில் பழைய போட்டோ ஸ்டூடியோக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஃபிலிம் காலத்தில் நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, கூரான கடினப் பென்சிலால் முகச்சுருக்கங்களின் மேல் நுணுக்கமாகப் புள்ளி வைப்பார்கள். டச்சிங் என்பார்கள். நெகட்டிவில் கிராஃபைட் சேர்ந்த இடம் அச்சில் வெளுக்கும். சுருக்கம் மறையும், நிறம் ஏறும். வெள்ளையாக்குவதற்கு அன்று பயன்பட்ட அதே கிராஃபைட்டால், தாளில், அந்தச் சுருக்கங்களையும் அந்த நிறத்தையும் நாம் திரும்பக் கொண்டுவருகிறோம். வாடிக்கையாளர் "கொஞ்சம் கலராப் போடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். பணிவாக, காரணம் சொல்லி. ஒருவருடைய நிறத்தைத் திருத்துவது அவருடைய மூக்கைத் திருத்துவதற்குச் சமம்.

மூன்றாம் கட்டம்: தோல்

2பியைப் படுக்கப் போட்டு, தெறிப்புகளை விட்டுவிட்டு, முகம் முழுவதும் ஒரே சீரான மூன்றாவது படி டோன் போடுங்கள். கோடுகள் முகத்தின் வளைவோடு போகட்டும்: நெற்றியில் குறுக்காக, கன்னத்தில் சாய்வாக, மூக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக. கை அழுத்தத்தால் கறுப்பாக்க வேண்டாம். அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டுக் கறுப்பாக்குங்கள்.

அடுத்து 4பியால் நிழல் பகுதிகள். பிறகு எச்.பி.யைக் கூராகச் சீவி, அதே இடங்களின் மேல் மெல்ல ஓட்டுங்கள். மென்மையான பென்சில் மேடுகளில் நிறையக் கிராஃபைட்டை விட்டிருக்கும். கடினமான முனை அதைப் பள்ளங்களுக்குள் தள்ளிக் கொண்டுபோகும். புள்ளி புள்ளியான பரப்பு இறுகித் தோலாக மாறுவதை இந்த நேரத்தில் கண்ணால் பார்க்கலாம். வரிசையை மாற்றி, முதலிலேயே எச்.பி.யையோ 2எச்சையோ அழுத்திப் போட்டால் தாளின் மேடுகள் நசுங்கி வழவழப்பாகிவிடும். அதன்மேல் 4பி பிடிக்காது. பென்சில் முகங்கள் நடுச்சாம்பலிலேயே நின்றுவிடுவதற்கு இந்த வரிசைப் பிழை பெரிய காரணம்.

ஸ்டம்பை முதல் அடுக்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முழு முகத்தையும் தேய்த்தால் எல்லா விளிம்பும் ஒரே மென்மையாகி, பாட்டிக்கு மெழுகுபொம்மைத் தோல் வந்துவிடும். கடைசி அடுக்கு எப்போதும் பென்சில் முனையால் போட்டதாக இருக்கட்டும்.

சுருக்கங்களைக் கோடாகப் போடாதீர்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு மடிப்பு. மடிப்புக்கு வெளிச்சம் விழும் பக்கமும் நிழல் பக்கமும் உண்டு. நிழல் பக்கத்தை 2பியால் போட்டு, அதை ஒட்டி நீடபிள் ரப்பரைக் கத்திமுனைபோல் பிசைந்து ஒற்றி, வெளிச்சப் பக்கத்தை எடுங்கள். கண்ணுக்குத் தெரிவதில் பாதிச் சுருக்கங்களை மட்டும் போட்டால் போதும். கண்ணோரத்திலும் வாயோரத்திலும் இருப்பவை அவர் எப்படிச் சிரிப்பார் என்பதைச் சொல்பவை. அவற்றை விடக் கூடாது. நெற்றியின் மெல்லிய வரிகளில் சிலவற்றை விட்டாலும் ஒன்றும் குறையாது.

நான்காம் கட்டம்: கண், மூக்குத்தி, வாய்

கண்ணை ஓர் உருண்டை என்று நினைத்துத் தொடங்குங்கள். இமைகள் அதன்மேல் போர்த்திய தடித்த தோல். கீழிமைக்கு ஒரு தடிமன் உண்டு. அந்தத் தடிமனில் ஈரத்தின் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக ஓடும். இதை விட்டுவிட்டால் கண் தாளில் ஒட்டியதுபோல் இருக்கும். மேலிமையின் நிழல் கருவிழியின் மேல்பகுதியில் விழ வேண்டும். வயதானவர்கள் பலருக்குக் கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். அதை அப்படியே போடுங்கள், விளிம்பை மென்மையாக. கண்ணின் ஒளிப்புள்ளி சன்னலின் வடிவத்தில், சன்னல் இருக்கும் பக்கத்தில், இரண்டு கண்ணிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

மூக்குத்திக்குத் தாளின் வெள்ளை ஒரு புள்ளி, அதையொட்டி 6பியின் கறுப்பு ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் எதையும் போடாதீர்கள். உலோகத்தின் மினுமினுப்பு இந்த நெருக்கத்திலிருந்துதான் வருகிறது.

வாயில், இரண்டு உதடும் சேரும் கோடுதான் முக்கியம். அதன் இரு முனைகளும் நடுவும் அழுத்தம், மற்ற இடம் மெல்லியது. உதட்டைச் சுற்றி வெளிக்கோடு வேண்டாம்.

ஐந்தாம் கட்டம்: கறுப்புகளும் கூந்தலும்

ஆழ்ந்த கறுப்புகளைக் கடைசியில் 6பியால் போடுங்கள்: கண்மணி, மூக்குத் துவாரம், காதுத் துளையின் உள்நிழல், மோவாய்க்குக் கீழே. கூர்முனையால் சின்னச் சின்ன வட்டங்களாக, பல திசைகளில் போட்டால் தகடுகள் ஒரே பக்கம் படுக்காது. பளபளப்பு குறையும். அதற்கும் மேல் கறுப்பு வேண்டுமென்றால் சார்கோல் பென்சிலோ மேட் வகைப் பென்சிலோ தேவை. ஆனால் கிராஃபைட் ஏறி வழவழப்பான இடத்தில் சார்கோல் பிடிக்காமல் வழுக்கும். எங்கே சார்கோல் வேண்டும் என்று முன்பே தீர்மானித்து, அந்த இடங்களைக் கிராஃபைட் படாமல் வைத்திருக்க வேண்டும். என் கருத்தில் இந்தப் படத்துக்கு அது தேவையில்லை. மேட் கறுப்பும் மின்னும் சாம்பலும் ஒரே முகத்தில் கலந்தால் கண்மணி மட்டும் தனியாகக் குழிந்து தெரியும்.

எண்ணெய் தேய்த்து இழுத்து முடிந்த தலைமுடியில் முதலில் தலையோட்டின் உருண்டை வர வேண்டும். மொத்தமாக ஒரு டோன், அதில் வெளிச்சம் விழும் பட்டை, பிறகுதான் முடியின் கோடுகள். நெற்றி தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். அங்கே தோலின் டோன் முடிக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும். முன்பே ரீஃபிலால் அழுத்திவைத்த நரைமுடிகள் இந்தக் கட்டத்தில் வெளிவரும்.

பின்னணியை வெள்ளையாகவே விட்டால் கருத்த முகம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். சேர்த்துவைத்த கிராஃபைட் தூளைப் பஞ்சில் தொட்டு, நிழல் பக்கத்தில் கழுத்துக்கும் காதுக்கும் பின்னால் நான்காவது படி வரை மெல்லத் தடவுங்கள். நிழல் கன்னத்தின் விளிம்பு ஓரிடத்தில் பின்னணியோடு கரையட்டும். வெளிச்சப் பக்கத்தில் தாளைத் தொட வேண்டாம். சேலையை நாலைந்து கோட்டில் முடித்துவிடுங்கள். அங்கே டோன் ஏறினால் கண் முகத்தை விட்டுக் கீழே இறங்கும்.

சரிபார்த்தல், பிறகு பாதுகாத்தல்

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் பாருங்கள். செல்போனில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அதேபோல் எடுத்த மாதிரிப் படத்தோடு பக்கத்தில் வைத்தால் டோன் தவறுகள் உடனே தெரியும். பெரும்பாலும் தெரியவருவது ஒன்றுதான்: நிழல் இன்னும் ஒரு படி கறுக்க வேண்டும். ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு மறுநாள் திருத்துங்கள்.

படத்தைப் புகைப்படம் எடுக்கும்போது நேரெதிரே இருந்து வெளிச்சம் வந்தால் கிராஃபைட் மின்னி, கறுப்பெல்லாம் சாம்பலாகும். இரண்டு பக்கமிருந்தும் நாற்பத்தைந்து டிகிரியில் மென்மையான வெளிச்சம் வரட்டும். மேகமூட்டமான நாளில் வாசலில் வைத்து எடுத்தாலே போதும். கிராஃபைட் கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸேட்டிவ் அடிப்பதற்கு முன்பு இதைச் செய்துவிடுங்கள். ஃபிக்ஸேட்டிவ் டோனைச் சற்று மாற்றக்கூடும், அடித்தபிறகு சரியாக அழிக்கவும் முடியாது. மொட்டைமாடியிலோ திறந்த இடத்திலோ, முப்பது சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு முழுதாகக் காய்ந்தபிறகு அடுத்தது. மழைநாளில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் பூச்சு வெள்ளையாகப் பனித்துவிடலாம்.

கையெழுத்தைப் பென்சிலிலேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை மங்கும். பின்பக்கத்தில் பாட்டியின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். அழுத்தினால் முன்பக்கம் எழுந்துவரும். சட்டம் போடும் கடையில், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அமிலம் நீக்கிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி நேராகத் தாளில் பட்டால் கிராஃபைட் அதில் ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் ஈரமும் அங்கேதான் தேங்கும். பின்பலகைக்குச் சாதாரண ஹார்டுபோர்டை நேரடியாக வைக்க விடாதீர்கள், நடுவில் ஒரு நல்ல தாளாவது இருக்கட்டும். வெளிச்சுவரில் மாட்டுவதைவிட உள்சுவரில் மாட்டுவது நல்லது, ஏனென்றால் மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் ஏறும்.